கரி பற்றவைக்க ஒரு டார்ச்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், ஞாபகமும் மட்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு கடைவீதியில் பாத்திரக் கடைக்கு மூடி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கும் புருஷனும் பெண்சாதியும் கரி பற்றவைக்கிற கேஸ் டார்ச் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, இது வந்துட்டா அடுப்பு ஊத நான் வேண்டாமுங்களே. நாளையிலிருந்து ஊட்லயே இருந்துக்கட்டுங்களா?" என்றார் அந்த அம்மா.

"பொகையில நீ நொம்ப இருமுற புள்ள. அதுக்குத்தான்."

"இருமுனா இருமிட்டுப் போறேன். ஊட்ல செவுத்தோடவா பேசறது?"

கடைக்காரர் குட்டையாக ஒன்றும் நீளக் கழுத்தாக ஒன்றும் எடுத்து வைத்தார். "உங்க கைக்குக் குட்டையே போதுமுங்க."

"எனக்கில்லீங்க. எங்கை நடுங்குது, நெருப்பு ஒரு பக்கம் நிக்காது. புடிக்கப் போறது இவதான். கையில சூடு படாம நீளமானதே குடுங்க."

அந்த அம்மா டார்ச்சை வாங்கி முந்தானையால் துடைத்தார். "என்னைய உட்டுப்போட்டு ஒரு கரித்துண்டு பத்தாது உங்களுக்கு."

கழுத்து சாண் நீளமா, முழ நீளமா என்பது மறந்துவிட்டது. ஏரிப்பக்கம் போகிறவர்கள் பார்த்துத் திருத்துங்கள். டார்ச் அந்த அம்மா கையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.