முடிவுக்கோட்டில் கட்டிய நூல்

சுண்ணாம்புக் கோடு போடக் காற்றில்லாத விடிகாலைதான் நல்லது, ஐயா. வெயில் ஏறிவிட்டால் தூள் பறந்து கண்ணில் விழும், கோடும் கோணிக்கொள்ளும். கல்லூரி மைதானத்தில் இத்தனை வருடமாக நான் போட்ட கோடு ஒன்றுகூடக் கோணியதில்லை. ஓடுகிறவர்கள் யாரும் குனிந்து அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

முனுசாமியை நீங்கள் ஸ்டேஷனிலிருந்து விட்டுவிடலாம். மைதான வேலையில் எனக்குக் கையாளாக இருக்கிறவன், வெறும் அப்பாவி. முடிவுக்கோட்டில் கட்டக் கம்பளி நூல் போதாமல், புத்திகெட்டுப் பட்டுநூலையும் சேர்த்துக் கட்டிவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் எது கிழிந்தாலும் கை முதலில் போவது பட்டுக்குத்தான். கைப்பந்து வலையைத் தைப்பதும், பனியனில் எண் துணியைத் தைப்பதும் முனுசாமி வீட்டுக் கழிவுப் பட்டில்தான். அவன் பெண்டாட்டி நூல் முறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். ஆகவே பட்டைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், மடத்தனம் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்படித்தான் நடந்தது.

தர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தாமல் கிராமத்தில் பயிர்வைக்கும் வீட்டுப் பையன், தகப்பன் இல்லாதவன். நூறு மீட்டரில் அவனை முந்த இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவன் சைக்கிள் வரும் முன்பே கேட்டைத் திறந்து வைத்திருப்பேன். கெண்டைக்காலில் நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடுவேன். கடைசிப் பத்தடியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் பாய்வான். பி.டி. மாஸ்டர் எத்தனை திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் திட்டியதில்லை.

போன மாதம் அவன் ஒரு கோப்பை வாங்கியபோது பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தணிகாசலண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோணா. போட்டோல நீயும் வுழுற" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தபடி தள்ளி நின்றேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஐயா. படத்தில் விழுந்து நான் என்ன செய்யப்போகிறேன்? பையனுக்குப் பணிவு போய்விடக் கூடாதே என்றுதான் கவலை. கல்லூரிகளுக்கிடையேயான இந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் அவனுக்கு ரயில்வேயில் வேலை. பெரம்பூருக்குப் போய்விடுவான். போகிற இடத்தில் யார் அவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தருவார்கள்?

வழக்கமாக முடிவுக்கோட்டின் இரண்டு கம்பங்களிலும் நானோ முனுசாமியோ வெள்ளைக் கம்பளி நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம். முடிச்சுப் போடுவதில்லை. நெஞ்சு பட்டதும் நழுவி, ஜெயித்தவன் மேலேயே விழும். அன்று நானே எட்டு இழைப் பட்டுநூலை முறுக்கி, அது தெரியாதபடி மேலே கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். மற்றவர்களுக்கு அது மார்புதான். தர்மன் கொஞ்சம் குள்ளம்.

உடம்பைச் சூடேற்ற ஓடிக்கொண்டிருந்தவன் கம்பத்தருகே நின்றான்.

"என்னாணா, முடிச்சுல்லாம் போட்டுக்கினு இருக்க?"

"உனக்காகத்தான்டா. கடைசிப் பந்தயமாச்சே" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கருட சேவைக்குச் சேர்வதுபோல அன்று கூட்டம். அவன்தான் முதலில் வந்தான். கழுத்தில் பட்ட நூல் அறுபடவில்லை. கால் இரண்டும் முன்னால் போயின, தலை பின்னாலேயே நின்றுவிட்டது. கூட்டம் கொஞ்ச நேரம் கைதட்டிக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் முன்பாக ஓடிப்போய் அவனை மடியில் போட்டுக்கொண்டது நான்தான். பிறகு முனுசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னடா, பட்டுநூலையா கட்டுன?" என்று கேட்டேன். அதட்டக்கூட இல்லை.

"தெரியலியேண்ணா. நாந்தான் கட்டிட்டனோ என்னமோ" என்று அழுதான். அவனே நம்பிவிட்டான்.

தர்மன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். குரல்வளை நசுங்கிப் பேச்சு வரவில்லை. நான் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. யாராவது உள்ளே வந்தால் வலது கையைத் தூக்கி என்னைச் சுட்டிக்காட்டப் பார்ப்பான். உடம்பை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அதனால் அந்தக் கையைப் படுக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் அம்மா ஜெயம்மாள் அதைப் பார்த்துவிட்டு என் காலில் விழ வந்தாள்.

"பெத்தவ நான்கூட இப்டிப் பாத்துக்க மாட்டன்பா. போன ஜென்மத்துல நீ அவனுக்கு அப்பனா இருந்திருப்ப."

அவனும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். மறுநாள் காலை போய்விட்டான். எனக்கும் வருத்தம்தான், அவன் காலைப்போல இன்னொரு கால் என் கைக்கு வராது.

எழுதிக்கொள்ளுங்கள். பட்டுநூலை முறுக்கி உயர்த்திக் கட்டியது தணிகாசலம், தெரிந்தேதான் கட்டினேன். நான் தறிக்காரன் மகன். அந்த முடிச்சு முனுசாமிக்குச் சாகிறவரை வராது. அதைப் போய் அவன் வேலை என்று ஊர் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. உங்கள் மேசையில் கிடக்கிற பத்திரிகையில் அன்றைய படம் வந்திருக்கிறது. தர்மன் தலை என் மடியில் இருக்கிறது. அவன் முகம் சரியாகத் தெரியவில்லை, என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. அதை நான் கிழித்து எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?