கதவிடுக்கில் வைத்த தொட்டி

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை, ஐயா. ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் தங்கையை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அம்மா போன பிறகு என் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தேன். அவள் ஆராய்ச்சியாளர் ஆனாள். நான் அவளுக்குக் குப்பி கழுவினேன். கடும் வெப்பத்தில் இலைக்குள் ஒருவித நச்சு சேருமாம். வைட்டமின் சி தன்னைச் செலவழித்து அதை முறித்து, செடியைக் காப்பாற்றுமாம். அவள் இதை விளக்கியபோது எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் வீட்டு வைட்டமின் சி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைமை ஆய்வாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். என்னைக் கண்டால், "தங்கச்சி எங்கம்மா?" என்பதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெப்ப அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தியதும் உள்ளே சூடு ஏறத் தொடங்கும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. அதனால் யார் உள்ளே போனாலும் கதவிடுக்கில் ஒரு மண்தொட்டியை வைப்பது எங்கள் வழக்கம்.

அன்று விடுமுறை. எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வைட்டமின் சி கரைசலை நாற்றுகளுக்குத் தெளிக்கத் தங்கை உள்ளே போனாள். கைபேசியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

"அக்கா, தொட்டியப் பாத்துக்கோ. இது மட்டும் சரியா வந்துட்டா, கட்டுரையில என் பேர்தான் முதல்ல."

"என் பேரு?"

"உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தொட்டி காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றலாமென்று எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நான் செய்தது அவ்வளவுதான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தட்டும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய குப்பிகள் நிறைய இருந்தன, கழுவி முடித்தேன். கிளம்பும்போது விளக்குகளை மறக்காமல் அணைத்தேன்.

மறுநாள் கதவைத் திறந்ததும் முதலில் நாற்றுகளைத்தான் பார்த்தேன். தெளித்தவை பச்சையாக நின்றன, தெளிக்காதவை கருகியிருந்தன. அவள் சொன்னது சரிதான். தெளிப்பான் அவள் கையிலேயே இருந்தது, காலியாக. மிச்சத்தைத் தன்மேலேயே தெளித்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன செடி என்றா கேட்கிறீர்கள்? அந்தத் தொட்டியில் செடி எதுவும் இல்லை, ஐயா. வெறும் மணல்தான்.