எர்த் போல்ட்டில் ஒரு பூச்சு

மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடக்கிறது. மேலே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மச்சான் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நடந்ததை ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க" என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். உங்கள் அப்பாவின் கார், உங்கள் தங்கையின் புருஷன். கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

பதினோரு வருஷமாக மாமா என்னிடம் நேராகப் பேசியதில்லை. பகையெல்லாம் இல்லை. "அவரைச் சாப்பிடச் சொல்லு", "அவரு செருப்பு வழியில கிடக்கு" என்று மகள் வழியாகத்தான் எனக்குத் தகவல் வரும். நான் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

முதல் தடவை வண்டி நின்றதற்கு நான் காரணமில்லை. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஸ்குரூ முடுக்குகிறவன். தளர்ந்த ஸ்குரூ எங்கே இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் சேர்க்கும் தடித்த எர்த் கம்பியின் போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பி வர அதுதான் வழி. முடுக்கினேன், வண்டி கிளம்பியது. மாமா எதிர்வீட்டுத் தையல்காரரிடம், "மாப்பிள்ளை கை வெச்சாப் போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் ஓட்டினேன். வண்டியும் ஓடியது, ஒரு நாள்கூடத் தகராறு செய்யாமல். இருபதாம் நாள் காலையில் மாமா மகளைக் கூப்பிட்டு, "அவரு துண்டு காத்துல பறக்குது" என்றார்.

போல்ட்டைத் தளர்த்தி வைத்தால் யாரானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் தங்கையின் அலமாரியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் சும்மா இருந்தது. கம்பி முனையின் இரண்டு பக்கமும், போல்ட் தலைக்கு அடியிலும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, இறுக்கி முடுக்கினேன். பார்ப்பதற்குப் புத்தம்புதுசு. ஸ்டார்ட்டர் சுற்றும் அளவுக்குக் கரண்ட் மட்டும் போகாது.

நாற்பத்தொரு நாளில் ஒன்பது தடவை. தினமும் செய்யவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

பழுது பார்ப்பதிலும் நான் அவசரப்படவில்லை. முதலில் பேட்டரி. பிறகு ஃப்யூஸ் ஒவ்வொன்றாக. அப்புறம் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலே, தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி அது. அதைப் பிடுங்கி, ஹாரனுடையதோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். மாமா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ரிலேவா இருக்குமோ மாப்பிள்ளை?" என்பார். "இருக்கலாம் மாமா" என்பேன். கடைசியாகத்தான் எர்த் கம்பிக்கு வருவேன். ஒரு நாள், வண்டி வாங்கிய முதல் மாதமே அதைக் கோழிக்கூண்டில் கொண்டுபோய் மோதியதைச் சொல்லிச் சிரித்தார். அத்தைக்கே தெரியாதாம்.

அத்தை முட்டிவலி டாக்டரிடம் இரண்டு முறை பஸ்ஸில் போனது உண்மை. முட்டிக்கு நடை நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

உங்கள் சின்னத் தங்கைக்குப் பிரசவ வலி கண்ட அந்த மதியத்துக்கு வருகிறேன். அன்றும் பூச்சு போட்ட நாள்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கழற்றி, சுரண்டி, முடுக்க நான்கு நிமிஷம். மறைக்கவில்லை. ஆனால் மாமா டார்ச்சோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். ஒரு மனிதர் அப்படிச் சொல்லும்போது நான்கு நிமிஷத்தில் எப்படி முடிப்பது? பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றாவது ஃப்யூஸுக்கு வந்தபோது அவளுடைய புருஷன் தெருவில் போன ரொட்டி வேனை மறித்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். குழந்தையைப் 'பன்னு' என்று கூப்பிடுவது நீங்கள்தானே தவிர நானில்லை.

மறுவாரம் நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தீர்கள். அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். முள் எகிறியது, நடுவில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றி நகத்தால் சுரண்டினார். வெங்காயத் தோல்போல ஒரு பூச்சு உரிந்து வந்தது.

"எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன் சார். அலங்காரம் பண்ணின போல்ட்டை இப்பத்தான் பார்க்கிறேன்."

உங்கள் தங்கை உள்ளே போய், பாதி காலியான பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "குறைஞ்சுகிட்டே வந்துச்சு. எவளுக்கோ எடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சு ஒன்றரை மாசமாத் தூங்கல. எஞ்சினுக்கா?" என்றாள். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மாமா என்னைப் பார்க்கவேயில்லை. "அவரைச் சாவியை வெச்சிடச் சொல்லு" என்றார் மகளிடம்.

ஆகவே, குற்றத்தை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். நான் திருந்திவிட்டேன். இந்த ஜென்மத்தில் நெயில் பாலிஷைத் தொடமாட்டேன்.

இன்று காலை வண்டி மறுபடியும் கிளம்பவில்லை என்பதற்காக என்னைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்களே எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்கள், பளபளவென்று சுத்தமாக இருந்தது. எலக்ட்ரீஷியனும் ஊரில் இல்லை. திங்கட்கிழமைதான் வருவார், நேற்றே விசாரித்துவிட்டேன்.

இதோ, வாசலில் மாமா நிற்கிறார். கையில் டார்ச். இரண்டு முறை கனைத்துக்கொண்டார். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அவளிடம் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பெரியவர் கூப்பிடும்போது எழுதிக்கொண்டிருப்பது மரியாதையில்லை. காகிதத்தின்மேல் வேறு ஏதாவது வைத்துவிட்டுப் போகிறேன். இந்தக் கறுப்புப் பெட்டி எனக்கு அங்கே வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் கழித்து.