வியாழக்கிழமை மீன் குழம்பு

வியாழக்கிழமை என்றால் எங்கள் மெஸ்ஸில் மீன் குழம்பு. ராஸ் அல் கைமா கல்குவாரிக்கு வந்த பதினாறு வருஷத்தில், காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் அதை விட்டதில்லை. தம்பி, நீங்கள் தமிழ்ப் பிள்ளை. போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலீல் ரஹ்மான் செத்த அன்று நான் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

கேம்பில் இரண்டு தமிழ்ச் சங்கம். ஒன்றுக்கு ஞானசிகாமணியாகிய நான் தலைவர், இன்னொன்றுக்கு கலீல். செவ்வாய்க்கிழமை அவனே என் ரூமுக்கு வந்தான்.

"அண்ணே, எதுக்கு ரெண்டு சங்கம்? ஒண்ணாயிடுவோம். நீங்களே தலைவரா இருங்க."

கட்டிப்பிடித்து, டீ கொடுத்து அனுப்பினேன். ஆனால் பதவியை இவ்வளவு லேசாக யார் விட்டுக்கொடுப்பார்கள்? வாசலில் என் ஆட்களே அவனைச் சுற்றி நின்று சிரித்துப் பேசினார்கள். என்னிடம் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவனுடைய ஆட்கள் எனக்கு வேண்டும், அவன் வேண்டாம்.

டம்பர் லாரி ஓட்டும் சாகிரின் அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் பாறை சரிந்து செத்தான். அன்று அந்தப் பாறைக்குக் கீழே அவனை வேலைக்கு அனுப்பியது கலீல். சாகிர் அதை மறக்கவே இல்லை. இப்போது யாருக்கு எங்கே டூட்டி என்று போடுவது என் வேலை. புதன்கிழமை உட்கார்ந்து, மறுநாளைக்குக் கலீலைக் குவாரியின் கீழ்த்தளத்தில் தனியாக அளவெடுக்கப் போட்டேன். சாகிருக்கும் அதே தளம்.

"பதினோரு மணிக்கு அங்க வேற யாரும் இருக்கமாட்டாங்க. பாத்து ஓட்டுப்பா" என்றேன்.

பார்த்து ஓட்டு என்றுதான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, சாகிர் பின்னால் எடுத்த டம்பர் கலீல்மேல் ஏறிவிட்டது. மெஸ் வாசலில் எல்லோரையும் கூட்டினேன். "இந்த ரத்தத்துல எனக்கும் பங்கில்ல, என் சங்கத்துக்கும் பங்கில்ல" என்று கையைத் தூக்கிச் சொன்னேன். சாகிரைச் சபிக்கவும் செய்தேன். வேதாகமத்தில் தாவீது ராஜா அப்படித்தான் செய்தார். அவருடைய தளபதி யோவாப், எதிர்ப்பக்கத்திலிருந்து சமாதானம் பேச வந்த அப்னேரைக் குத்திக் கொன்றபோது, ராஜா பாடைக்குப் பின்னால் நடந்து, பொழுது சாயும்வரை பட்டினி கிடந்தார். ஜனங்கள் நம்பினார்கள். நானும் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் கேட் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். கலீலின் ஆட்கள் தங்கள் தட்டுச் சோற்றை நீட்டிக் கெஞ்சினார்கள். பொழுது சாயட்டும் என்றேன். அழுதேவிட்டார்கள். மறுநாளே என் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

சமையல்காரர் செய்கு முகம்மது மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னது அவராகத்தான் இருக்கும். சாகிர் என் பெயரைச் சொல்லியிருக்கமாட்டான், நல்ல பிள்ளை.

எங்கள் மெஸ்ஸில் ஒரு வழக்கம். நாளைக்குச் சோறு வேண்டாதவர்கள் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். ஆமாம், புதன்கிழமை சாயங்காலம் நான் சொன்னேன்.

"பாய், நாளைக்கு மதியம் எனக்கு வைக்காதீங்க."

"மீனாச்சே அண்ணே!" என்றார்.

கலீலைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் துக்கம் நடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துக்கமில்லாதவன் மீன் குழம்பை முதல் நாளே வேண்டாம் என்பானா?