பட்டன் வச்ச அணு

...மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்காக்கா. பெத்த பொண்ணு! உள் ரூம்லதான் இருக்கா, கதவைச் சாத்திக்கிட்டு. கையை இறக்காதீங்க, அக்குள் பக்கம் இன்னும் பின் குத்தலை... ஆங், அப்படியே நில்லுங்க. அவங்கப்பாகிட்ட சொல்றா, "எனக்குச் சாப்பாடு வேணாம்னு சொல்லிடுங்கப்பா"ன்னு. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன்! அந்த மனுஷன் ஒரு வாயில்லாப்பூச்சி. திரும்பி என்கிட்ட, "அவளுக்குச் சாப்பாடு வேணாமாம்"ங்கறாரு. ஏன், எனக்குக் காது கேக்காதா?

எல்லாம் இந்த அணுவால வந்த வினை. அறிவியல் டீச்சர் சொன்னாங்களாம், வீட்டுல கிடக்கறத வச்சு ஒரு அணு செஞ்சு கொண்டாங்கன்னு. அது கண்ணுக்கே தெரியாதாம்க்கா! தெரியாத பொருளுக்கு யாரு டேப் வச்சு அளவெடுத்தது? சரி, வீட்டுல கிடக்கறதுன்னா நம்ம வீட்டுல என்ன கிடக்கும்... பட்டன், நூலு, வெட்டுத்துணி. அவ அலுத்துக்கவே இல்லை. எம்பிராய்டரி வளையம் சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு எடுத்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நூல்ல தொங்க விட்டா. நடுவுல துணியைச் சுருட்டி ஒரு பந்து. பந்து மேல செவப்பு பட்டன், வெள்ளை பட்டன். வளையத்துல நீல பட்டன். ஆக்சிஜனாம். நாம மூச்சு இழுக்கறோமே, அதாம். "நீ தொடாதேம்மா, எண்ணி வச்சிருக்கேன்"னு என்னைக் கிட்டவே சேர்க்கலை.

நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா நீங்களே சொல்லுங்க, உள் வளையத்துல ரெண்டே ரெண்டு பட்டன், வெளி வளையத்துல ஆறு. உள்ள மொட்டை, வெளிய நெரிசல்! தையக்காரி வீட்டுலேர்ந்து போற பொருளு, பார்க்கறவங்க என்ன பேசுவாங்க? அந்தப் பந்து அதைவிட மோசம். செவப்பும் வெள்ளையும் கலந்துகட்டி, கைக்கு வந்தத அள்ளி அப்புன மாதிரி. போன மாசம் ஒருத்தர் ஒரு சட்டை கொண்டாந்தாரு, வேற யாரோ தைச்சது. மூணாவது பட்டன் மட்டும் ஒரு விரக்கடை கீழ. அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கலைக்கா. என் புத்தி அப்படி. கை துறுதுறுங்குது. அவ குளிக்கப் போனா. நான் உக்காந்துட்டேன்.

உள்ள நாலு, வெளிய நாலு. இடைவெளியெல்லாம் டேப் வச்சு. பந்துல செவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். என்ன லட்சணமா வந்துச்சு தெரியுமா! ஒரு பட்டன் கூட்டலை, ஒரு பட்டன் குறைக்கலை. துணியில சுத்தி வச்சேன், அவ அவசரத்துல பிரிச்சுக்கூடப் பார்க்காம அப்படியே பையில போட்டுக்கிட்டு ஓடிட்டா.

ஸ்கூல்ல போய்ப் பிரிச்சா, "இப்படி ஒரு அணு உலகத்துலயே கிடையாது"ன்னுட்டாங்களாம் டீச்சர். கிளாஸே சிரிச்சிருக்கு. கண்காட்சியில முன் மேசையில வைக்கறதா இருந்தது, அதுவும் போச்சு. உள் வளையத்துல ரெண்டுக்கு மேல நிக்காதாம்க்கா! ஏன் நிக்காது? நான் வச்சேன், நின்னுச்சே! உலகத்துலயே கிடையாதுன்னா பெருமையில்லையா? என் தையலு வேற எங்கயும் கிடையாதுன்னுதானே நீங்களே வந்து நிக்கறீங்க... திரும்புங்க, முதுகப் பார்க்கணும்.

அப்புறம் டீச்சர் என்னை வரச் சொன்னாங்க. தங்கமான மனுஷி, நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. "உங்க பொண்ணுக்குப் பாடம் தண்ணிபட்ட பாடு. இதுல எப்படிக் கோட்டை விட்டான்னே புரியலை. கேட்டா, நான்தான் தப்பா வச்சுட்டேன்ங்கறா"ன்னாங்க.

ஆமாக்கா... நான்தான்னு சொல்லியிருக்கா. எங்கம்மா மாத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தை... ம்ஹூம். அங்க என் பக்கத்துலதான் நிக்கறா. என் மூஞ்சியையே பார்க்கறா.

நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க? அந்த ஸ்டாஃப் ரூம்ல இருக்கற டீச்சருங்க பாதிப் பேரு என்கிட்ட தைக்கறவங்க. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் பாட்டுக்கு, "ஆமா டீச்சர், அவளுக்குக் கவனமே பத்தாது, நான் கண்டிச்சு வைக்கறேன்"னுட்டேன்.

அப்பவும் அவ வாயத் திறக்கலை. வீடு வந்து சேர்ற வரைக்கும் திறக்கலை. இன்னி வரைக்கும் என்கிட்ட திறக்கலை.

...என்னக்கா, நீங்க ஏன் அந்த உள் ரூம் கதவையே பார்க்கறீங்க?