மழையைப் பற்றியே பேசும் ஆண்கள்

பெங்களூரில் பீன்யா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு நடுவயது நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து பொண்ணு காலேஜ்ல இங்கிலீஷ் நாடகம், மணி. அதுல வர்ற வெள்ளக்கார ஆம்பளைங்க மனசுல இருக்கிறத சொல்லாம மழையப் பத்தியே பேசறாங்க. பாத்துட்டு அழுதுட்டேன்."

"இன்னா மச்சான் சொல்ற? நீயா?"

"கழுத்துல ஒரு கட்டி. கேன்சரோன்னு ஒரு மாசமா பயம். யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் காலையில ரிசல்ட் வந்துச்சு. ஒண்ணுமில்லையாம்."

மணி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தியா, என் மேலதான் கோவம்னு நெனச்சேன்டா. தூக்கமே இல்ல."

"அத நீயும்தான் கேக்கல."

மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இனிமே பயந்தா என்னையும் கூட்டிக்கினு பயப்படு."