பள்ளிக்கூட வாசலில் ஊமையாகும் ரேடியோ

— இல்ல கொம்பாத்ரே, இந்தக் கதவு ஸ்பீக்கர் சாகல. பாருங்க, சின்ன பேட்டரியை ஒயர்ல வெச்சதும் டப்புன்னு குதிக்குது. நல்லா உயிரோடதான் இருக்கு.

— பின்ன ஏன் தினமும் செத்துப் போகுது, கொமாத்ரே? அதுவும் நாலும் ஒண்ணா! பாடிக்கிட்டே இருக்கும், திடீர்னு மூச்சுப் பேச்சே இருக்காது. ரேடியோவுல விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டிருக்கும்.

— நாலும் ஒண்ணாவா போகுது? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு நாலு கதவையும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்!

— நீங்க கேட்கலையே.

— நம்ம வெஸ்லகோ ஊர் ஆம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். வியாதியைச் சொல்ல மாட்டீங்க, மருந்து மட்டும் உடனே வேணும். ஒரு ஸ்பீக்கர் போனா அந்த ஸ்பீக்கரையோ அதோட ஒயரையோ பார்க்கணும். நாலும் ஒண்ணாப் போனா, நாலும் சேர்ற இடத்தைப் பார்க்கணும். எப்பப் போகுது? மேடு பள்ளத்துலயா? மழையிலயா? கதவை அறைஞ்சு சாத்தும்போதா?

— காலையில.

— காலையிலன்னா?

— என் பொண்ணு, உங்க ஞானமக யாரெலியைப் பள்ளிக்கூடத்துல விடப் போவேன்ல. வாசல்ல வண்டிங்க வரிசையா நிக்கும். ஏ.சி. ஓடலைன்னு ஜன்னலெல்லாம் இறக்கி விட்டிருப்பேன். ரேடியோவுல செய்தி முடியும், அடுத்து என் விளம்பரம். முதல் வரி வரும்... பொட்டுனு போயிடும்.

— சரியா உங்க விளம்பரத்துக்கா?

— பிசாசு காத்துக்கிட்டு இருந்த மாதிரி! நானே எழுதினது, நானே பாடினது, அக்கார்டியனும் நானே வாசிச்சது. "தொட்டி நிரம்பிடுச்சா சீமாட்டி, தூக்கம் போச்சா சீமாட்டி..."

— பாடாதீங்க. எங்க தெரு நாய்க்குக் கூட மனப்பாடம்.

— "...எவரார்டோ வர்றான் வழி விடுங்க, எல்லாத்தையும் உறிஞ்சப் போறான்!" எப்படி?

— நாத்தமடிக்குது.

— நாத்தமடிச்சாத்தான் கொமாத்ரே ஃபோன் அடிக்கும். எங்க தொழில்ல அதுதான் கணக்கு. போன வாரம் கூட பாதிரியார் வீட்டுத் தொட்டி. விளம்பரத்தைக் கேட்டுச் சிரிச்சுட்டே கூப்பிட்டேன்னார்.

— சரி சரி, கைவிளக்கை இப்படிக் காட்டுங்க. ஆமா, உங்க பிக்கப் கதவுல காந்தப் பலகை ஒண்ணு ஒட்டியிருக்குமே? "எவரார்டோ, செப்டிக் டேங்க் சுத்தம்"னு மஞ்சள் எழுத்துல, குழாயோட படம் போட்டு. அது எங்கே?

— பின்னாடி கிடக்கு.

— கழண்டு விழுந்துடுச்சா?

— இல்ல, நான்தான் எடுத்து வெச்சேன். காலையில எடுத்திடுவேன், அவளை விட்டுட்டு வந்ததும் ஒட்டிக்குவேன். நேத்து ஒட்ட மறந்துட்டேன்.

— ஏன்?

— வெயில்ல... கீழ இருக்கிற பெயின்ட் போகுதுன்னு சொன்னாங்க.

— காலங்காத்தால என்ன வெயில்?

— நீங்க ஸ்பீக்கரைப் பாருங்க, கொமாத்ரே.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். போன சத்தம் மறுபடி எப்படி வருது?

— அவ இறங்கிப் போனதும் அந்த சீட்டு மேல ஒரு குத்து விடுவேன். வந்திடும்.

— குத்துனா வருதா! நல்ல வைத்தியம். நாலு ஸ்பீக்கருக்கும் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரை இந்த வண்டியில எங்கே வெச்சேன் நான்? பக்கத்து சீட்டுக்கு அடியிலதானே?

— ஆமா ஆமா. அங்கதான் கொஞ்சம் பாருங்களேன். ரெண்டு மூணு நாளா ஏதோ கருகின வாசனை வருது. அதான் இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவுன்னு வண்டியைக் கொண்டு வந்தேன்.

— கருகின வாசனையா? எவரார்டோ, அதையில்லையா முதல்ல சொல்லணும்! தொட்டி வாசனையிலேயே புழங்கி மூக்கு மரத்துப் போச்சா?

— மூக்கு நல்லாத்தான் இருக்கு. இருங்க, ஃபோன் அடிக்குது. பார்த்தீங்களா? விளம்பரம்! ஹலோ, சொல்லுங்க சீமாட்டி... பொங்கிடுச்சா? சமையலறை வரைக்குமா? அழாதீங்க, அழாதீங்க. இங்க சரியாக் கேட்கல, வேலிப் பக்கம் போய்ப் பேசறேன்...

— போங்க, போங்க. நான் சீட்டைத் தூக்கிப் பார்க்கறேன்... அடக் கடவுளே. இது என்ன இது?

— நீனா! டாக்கோ வாங்கிட்டு வந்துட்டேன். பார்பகோவா கறி தீர்ந்து போச்சாம், முட்டையும் சோரிசோ தொத்திறைச்சியும்தான் கிடைச்சுது. அப்பா எங்கே?

— வேலியோரம் ஃபோன்ல. டாக்கோவை மேஜை மேல வெச்சிட்டு இங்க வா யாரெலி. பக்கத்துல வா. இதைப் பாரு.

— என்னது?

— பிளக். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இது வழியாத்தான் போகணும். இதுல ஒரு கொக்கி இருக்கும், அது பிடிச்சுக்கிட்டா தானாக் கழண்டு வராது. கொக்கி உடைஞ்சிருக்கு. ஒயர் தோல் உரிஞ்சிருக்கு. கீழ கம்பளத்துல பாரு, கருகியிருக்கு.

— ஓ.

— பிளக் மேல இதென்ன மினுமினுன்னு? வெள்ளிப் பொடி மாதிரி?

— எனக்கென்ன தெரியும்.

— உன் ஷூ என்ன நிறம்?

— நீனா...

— என்ன நிறம்னு கேட்டேன்.

— வெள்ளி.

— நீ பிறந்த நாலாவது நாள் உன்னை நான்தான் தூக்கிக்கிட்டுப் போய் ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்தேன். ஞானத்தாய்னுதானே என்னை நீனான்னு கூப்பிடற, என்கிட்டயே எனக்கென்ன தெரியும்கிறியா?

— சத்தமாப் பேசாதீங்க. அப்பாவுக்குக் கேட்கும்.

— அவர் அங்க சமையலறைக் கதை கேட்டுக்கிட்டு இருக்கார். சொல்லு. தினமும் நீதான் பிடுங்குறியா?

— பிடுங்கல. கால் விரலால லேசாத் தள்ளுவேன். வரலைன்னா லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு கையால இழுப்பேன்.

— எதுக்குடி?

— எதுக்குன்னா கேட்கறீங்க? உங்களுக்கே தெரியும்.

— நீ சொல்லு.

— ஜன்னலெல்லாம் திறந்திருக்கு நீனா. பள்ளிக்கூடம் மொத்தமும் வாசல்ல நிக்குது. அந்தப் பாட்டு வந்தா அவர் சத்தத்தை வேற கூட்டுவார். கூடவே பாடுவார். ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போடுவார். "எல்லாத்தையும் உறிஞ்சப் போறான்"! நான் நடந்து போறப்ப பின்னாலயே பசங்க அதைப் பாடிக்கிட்டு வர்றாங்க. லாக்கர்ல டாய்லெட் பேப்பரைத் தொங்க விட்டாங்க.

— யாரு? பேரைச் சொல்லு. அவங்க அம்மாமாருங்க எல்லாரும் என்கிட்டதான் ரேடியோ மாட்டியிருக்காங்க.

— வேண்டாம். அவங்களை மட்டும் சொல்ல முடியாது.

— ஏன்?

— ஏன்னா... நான்...

— யாரெலி, ஏன் அழுற? ஏன்னுதானே கேட்டேன்.

— நானும் பாடினேன் நீனா.

— என்ன?

— சாப்பாட்டு இடைவேளையில. எல்லாரும் பாடிச் சிரிச்சாங்க. நான் சிரிக்கலைன்னா இன்னும் பண்ணுவாங்கன்னு... நானும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, அப்பா குரல்லயே பாடிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. என்னைத்தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு அவங்களுக்கு. அன்னைக்கு சாயங்காலம் அப்பா கூப்பிட வந்தப்ப, "ஏன் ராசாத்தி முகம் வாடியிருக்கு"ன்னு ராஸ்பா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். மாங்காய் போட்டது. நான் தொடாம வெச்சிருந்து, உருகியே போச்சு.

— ம்.

— திட்டுங்க நீனா. ம்னு மட்டும் சொல்லாதீங்க.

— திட்டுறதுக்கு வாய் வரல. துடைச்சுக்கோ. அந்தத் துணி வேண்டாம், கிரீஸ் இருக்கு. இந்தா.

— பாட்டு நின்னதும் அவர் என்ன பண்ணுவார் தெரியுமா? "அடடா, மறுபடி போயிடுச்சே கண்ணு, நம்ம பாட்டைக் கேட்கக் கொடுத்து வைக்கல"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார் நீனா. நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துக்குவேன். இறங்குறப்ப "பை அப்பா" கூடச் சரியா வாயில வராது.

— ஒரு வார்த்தை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே. "வாசல்ல மட்டும் அணைச்சிடுங்கப்பா"ன்னு.

— சொன்னா ஏன்னு கேட்பார்.

— கேட்கட்டும்.

— என்னன்னு சொல்றது? உங்க பாட்டு எனக்கு அசிங்கமா இருக்குன்னா? அந்தப் பாட்டுலதானே எனக்கு கிளாரினெட் வந்துச்சு, இந்த ஷூ வந்துச்சு. அவர் எவ்வளவு பெருமையா இருக்கார்னு உங்களுக்குத் தெரியாது. அவர் முகத்தை நினைச்சாலே... நீனா, அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?

— சொல்லணும். இந்த ஒயர் ஒரு நாள் தீப்பிடிச்சா சீட்டுல உக்காந்திருக்கிறது நீதான். அது புரியுதா உனக்கு?

— இனிமே தொடவே மாட்டேன். சத்தியமா. பாட்டு முழுசா ஓடட்டும். காதைப் பொத்திக்கிட்டு இறங்கிப் போயிடறேன். சொல்லாதீங்க, ப்ளீஸ்.

— என்னைப் பொய் சொல்ல வைக்குறியேடி. கல்யாணமாகாதவ, பிள்ளை இல்லாதவ, இவளை நம்பி உன்னை ஞானமகளாக் கொடுத்தார் உங்க அப்பா. இப்ப அவர் முகத்தைப் பார்த்துப் புளுகச் சொல்ற.

— அவர் வர்றார்.

— கண்ணைத் துடை. போ, டாக்கோவுக்கு சல்சா சட்னி கொண்டு வரல பாரு, போய் வாங்கிட்டு வா. ஓடு.

— எங்க ஓடுறா என் ராசாத்தி?

— சல்சா வாங்கப்பா! இதோ வந்துடறேன்!

— பார்த்து, ரோட்டைப் பார்த்துத் தாண்டு! கொமாத்ரே, அவ கண்ணு ஏன் சிவந்திருக்கு?

— வெங்காயம்.

— டாக்கோவுலயா?

— டாக்கோவுலதான். உங்க சீமாட்டிக்குத் தொட்டி என்னாச்சு?

— மத்தியானம் வர்றேன்னு சொல்லியிருக்கேன். நம்ம விவகாரம் என்ன? கண்டுபிடிச்சீங்களா?

— கண்டுபிடிச்சாச்சு. ஒண்ணுமில்ல. பிளக் தளர்ந்திருந்துச்சு. வண்டி ஆட்டத்துல கழண்டு கழண்டு போயிருக்கு.

— ஆட்டத்துலயா?

— ஆமா. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு வேகத்தடை இருக்குல்ல? அதுல ஏறி இறங்குறப்ப.

— வேகத்தடை. சரிதான்.

— ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்ல. கருகல்?

— பிளக் பாதி சொருகி பாதி கழண்டு நின்னா சூடாகும். நல்லவேளை இன்னைக்கே கொண்டு வந்தீங்க. ஒயரை மாத்தி, புது பிளக் போட்டு இரும்புக் கிளிப் வெச்சு இறுக்கிடறேன். இனிமே காளை மாடு கட்டி இழுத்தாலும் வராது. உங்க பாட்டை முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் கேட்கலாம்.

— முழுசாவா?

— முழுசா. சந்தோஷம்தானே?

— அந்தக் கிளிப் வேண்டாம், கொமாத்ரே.

— என்னது?

— வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரு சின்ன சுவிட்ச் போட முடியுமா? அமுக்கினா சத்தம் நிக்கணும். சூடாகக் கூடாது, தீப்பொறி வரக் கூடாது. அது மட்டும் எனக்குப் போதும்.

— சுவிட்ச் எதுக்கு? ரேடியோவுலயே பொத்தான் இருக்கே.

— அது என் பக்கம் இருக்கு. இது அந்தப் பக்கம் இருக்கணும். சீட்டுக்குக் கீழ, கதவை ஒட்டி. கையை லேசாத் தொங்க விட்டா எட்டணும். என் சீட்டுலேருந்து பார்த்தா தெரியக் கூடாது.

— கொம்பாத்ரே... குத்து விட்டா வரும்னு சொன்னீங்களே. கழண்ட பிளக் குத்துனா ஏறாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. அதை தினமும் யாரு சொருகினது?

— சுவிட்ச் போட முடியுமா, முடியாதா?

— முடியும். ஆனா நீங்களே வாசல்கிட்ட வந்ததும் ரேடியோவை அணைச்சிடலாமே?

— நான் அணைச்சா, ஏன் அணைச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவ என் பக்கத்துல எப்படி உக்காருவா?

— யாரு சொன்னா உங்களுக்கு? யாராவது வந்து ஏதாவது...

— மெதுவா, வர்றா. யாரும் சொல்லல, கொமாத்ரே. தினமும் அந்த வாசல்ல, லேஸ் கட்டணும்னு குனியிறா. அவ ஷூவுல லேஸே கிடையாது.